அப்பாவுக்கு அனுப்பிய சுரைக்குடுக்கை

பச்சை ஏலக்காயை நெருப்பில் உலர்த்தும்போது வரும் புகை மணம்… மலையிலிருந்து இறங்கும் அப்பாவுக்கு முன்னால் அதுதான் எங்கள் வீட்டுக்குள் நுழையும். அவருடைய கம்பளியில் முகத்தை வைத்தால் தும்மல் வரும். ஆனாலும் எடுக்க மனசு வராது.

எனக்கு இப்போது எண்பத்தேழு வயது. நான் சொல்வது ரெண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களை. மண்ணெண்ணெய்கூட அளந்துதான் கிடைக்கும். மலையடிவாரத்தில் தேவாரம் என்ற ஊரில் எங்கள் வீடு. மெட்டு என்கிற கணவாய்ப் பாதையில் ஏறி அந்தப் பக்கம் போனால் ஏலத்தோட்டம். அங்கே காய் உலர்த்துகிற ஸ்டோரில் அப்பாவுக்கு வேலை. ஆவணியில் ஏறினால் தை மாசம்தான் இறங்குவார்.

மலைக்குப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளை தவிர எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. அதனாலேயே பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பிவிடுவார்கள். முந்தின வருஷம் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவின் வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். "கெளம்பையில யாரோ பின்னால கூப்பிட்டுட்டாக" என்று தெரு முழுக்கப் பேச்சு.

அந்த வருஷம் அப்பா கிளம்பிய விடியற்காலை எனக்கு முழிப்பு வந்துவிட்டது. ஓடினேன். தெருமுனையில் கம்பளி மட்டும் தெரிந்தது.

"அப்பா…"

ஒரு நிமிஷம் நின்றார். திரும்பவில்லை. போய்விட்டார்.

ஆறு வயசு எனக்கு. அப்பாவை நானே கொன்றுவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை, எந்நேரமும் வயிற்றுவலி. அம்மா ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்தாள், மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தாள். பாயை நனைக்க ஆரம்பித்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான் நிற்கும். தலை பின்னும்போது சடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னடி செஞ்ச? சொல்லு."

சொல்லிவிட்டேன். முதுகில் விழப்போகும் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"எத்தன வாட்டி கூப்பிட்ட?"

"ஒருக்காத்தான்."

"அப்பா நின்னாகளா?"

"நின்னாக… திரும்பல."

அம்மா சடையைப் பின்னி முடித்து நுனியில் முடிச்சுப் போட்டாள். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடி' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"பின்னால கூப்பிட்டா என்ன செய்வாக? செத்த நேரம் உக்காந்து, தண்ணி குடிச்சிட்டு, மறுபடி கெளம்புவாக. ஒங்கப்பா அவசரத்துல போயிட்டாக. இப்பக் குடிச்சாப் போச்சு."

வாரம் ஒரு தடவை தோட்டத்துக்குக் கழுதைகளில் அரிசி ஏற்றிப் போவார் மொக்கச்சாமி மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் போகிற நாளில் நானே கிணற்றுத் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் நிரப்பி, தக்கையை அமுக்கி எடுத்துப் போனேன். அம்மா விஷயத்தைச் சொன்னாள். மாமா பெரிய கேலிக்காரர். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நின்னுக்கிட்டே குடிச்சா ஆகாதோ, மருமகளே?"

"ஆகாது மாமா. உக்கார வச்சுக் குடுங்க."

"சரி" என்று அரிசி மூட்டையோடு சேர்க்காமல் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அந்த நடை முடிந்து அவர் இறங்கும் வரை மெட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் குடுக்கையைக் கவிழ்த்துக் காட்டினார். காலி.

"மூட்டை மேல உக்காந்து ஒங்கப்பா ஒரு சொட்டு விடாமக் குடிச்சாக. குடிச்சிட்டு எந்திரிச்சு, புதுசாக் கெளம்புற மாதிரி வாசல் வரைக்கும் போயி, மறுபடி உள்ள வந்தாக. நான் அங்கனதான் நின்னேன்."

அன்றைக்குக் கம்பஞ்சோறு ரெண்டு உருண்டை சாப்பிட்டேன். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

தை மாசம் அப்பா இறங்கினார். ரெண்டு தடவை காய்ச்சல் கண்டு, கன்னம் ஒட்டிப்போய்… ஆனால் வந்துவிட்டார். வாசலில் கம்பளியைக் கூட எடுக்காமல் என்னைக் கேட்டார்.

"அன்னைக்கு எதுக்குத்தா கூப்பிட்ட? கேக்காமப் போயிட்டோமேன்னு மலையில இருந்த நாளெல்லாம் இதே நெனப்பு. அதக் கேக்கவாவது வரணும்ல?"

எதற்குக் கூப்பிட்டேன்… முகத்தைப் பார்க்கத்தான். அதைச் சொல்லத் தெரியாமல் அழுதேன்.

இப்போது என் பேரன் பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகப் பயப்படும் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பயத்தைப் படமாக வரையச் சொல்கிறாள். கவுன்சிலிங்கில் சொல்லிக் கொடுத்தார்களாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் காகிதமும் கிடையாது, பென்சிலும் கிடையாது. குடுக்கைதான் இருந்தது.

என் மகனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சென்னையிலிருந்து வந்தால் ஒரு நாள்தான் தங்குவான். கார் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவேன். "தெரிஞ்சே செய்றியேம்மா" என்று முனகிக்கொண்டே திரும்பி வந்து உட்காருவான். செம்பில் தண்ணீர் கொடுப்பேன். மெதுவாகக் குடிப்பான்.

இன்னொரு பத்து நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.