மலையைச் சுற்றிய முட்டிப் பட்டை

போன வாரம் பீரோவைத் துடைக்கும்போது, புடவைகளுக்கு அடியிலிருந்து என் பழைய முட்டிப் பட்டை வந்து விழுந்தது. முகர்ந்து பார்த்தேன், புத்தியுள்ளவர்கள் செய்ய மாட்டார்கள். வலி ஸ்ப்ரே வாசனை போய்விட்டது. ஏழு பேருடைய வியர்வை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏழு பேர் என்பது எங்கள் கல்லூரிக் கபடி டீம். வேங்கிக்கால் மைதானத்தில் ரெய்டு போய்த் திரும்பிக் குதித்தபோது என் இடது முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். ஜவ்வு கிழிந்திருந்தது. விளையாடுகிறவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது ஜாஸ்தி என்றார் டாக்டர். அதிலாவது முந்தினோமே என்று நினைத்துக்கொண்டேன். பாதிக் கிழிசல்தான், மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் மறுபடி ஆடலாம், அதுவரை தூரம் நடக்கக்கூடாது என்றார்.

அதற்குள் அம்மா வேண்டிக்கொண்டுவிட்டாள். கால் சரியானதும் கிரிவலம் வருவாள் என்று ஊரே வேண்டுகிற மாதிரி வேண்டியிருக்கலாம். பதற்றத்தில், வருகிற பௌர்ணமிக்கே சுற்றுவாள் என்று நாளும் குறித்துவிட்டாள். ஒன்பது நாள்தான் இருந்தது. வேண்டுதல் தவறினால் கபடியே கிடையாது என்றாள். இரண்டு நாள் அழுதேன்.

வழி கண்டுபிடித்தது எங்கள் கேப்டன் தேவி.

"சாமிக்கு முட்டிதானம்மா முக்கியம்? முட்டிய நாங்க சுத்த வெக்கிறோம்."

அம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பௌர்ணமியன்று காலையிலேயே ஆறு பேரும் பாதையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ராஜகோபுரத்தில் தேவி பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அக்னி லிங்கத்தில் கழற்றி அடுத்தவளிடம் கொடுத்தாள். இது என்ன வேண்டுதல் என்று விசாரித்த ஓர் அம்மாள், பட்டையைத் தொட்டுத் தன் முட்டியில் ஒற்றிக்கொண்டாராம்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், பாதையோரம். என் முட்டி என்னைத் தாண்டிப் போவதைப் பார்க்க, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கலா வந்தாள். பட்டை வலது காலில் இருந்தது. அம்மா பாதைக்கே ஓடினாள்.

"எடது கால்ல மாட்டுடி. சாமி கொழம்பிடப் போவுது."

மதியத்துக்குள் சுற்று முடிந்தது. எட்டு மாதம் கழித்து மறுபடி ரெய்டு போனேன். சாமியா, பயிற்சியா என்று அம்மாவிடம் கேட்டதில்லை.

இப்போது அந்த மைதானம் முழுக்க வீடுகள். தேவி ஓசூரில். கலா எங்கே என்று தெரியவில்லை. மற்றவர்களின் போன் நம்பர் எல்லாம் மாறிவிட்டது. முட்டி நன்றாக மடங்குகிறது, ஆனால் நான் இன்னும் ஒருமுறைகூட மலை சுற்றவில்லை. போன வாரம் அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். பதினான்கு கிலோமீட்டரும் நடந்துவிடுவேன். அக்னி லிங்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்க ஒருத்தியும் இல்லையே.