கொம்பன் படம்

ராய்ஸ் டிட்மோர் நல்லவன்தான். பெருமையை மட்டும் அடக்கத் தெரியாது. டயர் கடையில் வேலை. நவம்பர் பிறந்தால் வெர்லீன் அம்மாளின் காட்டில் மான் வேட்டை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் குத்தகையை ஏற்றியதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு மான் தொடை வந்தால் அவளுக்குப் போதும்.

அந்த வருஷம் வேட்டை தொடங்குமுன், மரத்தில் கட்டிய கேமராவில் ஒரு கொம்பன் மான் பதிவாகியிருந்தது. அலபாமா முழுக்க அலைந்தாலும் அப்படியொரு கொம்பு கிடைக்காது. இந்த மாதிரிப் படத்தை வேட்டைக்காரன் பெண்டாட்டியிடம்கூடக் காட்ட மாட்டான். ராய்ஸ் கூட்டாளி ஹாலிஸுக்கு மட்டும் காட்டினான். அதோடு விட்டிருக்கலாம். கை அரித்தது. வேட்டைக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில், புனைபெயரில் போட்டுவிட்டான். படத்தின் ஓரத்தில், எந்தக் காடு என்று காட்டிக்கொடுக்கும் ஓடைப் பாலம் பளிச்சென்று தெரிந்தது. புத்தி வந்து அழிப்பதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து வேட்டைப் பித்துப் பிடித்த பணக்கார டாக்டர்கள் வந்து, காட்டுக்கு இரண்டு மடங்கு குத்தகை தருகிறோம் என்றார்கள். வெர்லீன் அம்மாளின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது; அவளைக் குற்றம் சொல்ல முடியாது. "நீங்களும் அதையே குடுத்தா காடு உங்களுக்குத்தான்ப்பா" என்று இவர்களிடம் சொல்லிவிட்டாள்.

மான் உரிக்கும் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள்.

"எந்த வெளங்காதவன்டா அவனுங்களுக்குச் சொன்னது?" என்று ஒருவன் கத்தினான்.

ராய்ஸ் குனிந்து கத்தியைத் துடைக்க ஆரம்பித்தான். அதற்குள் ஹாலிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"நான்தான்டா. தீவனக் கடையில அந்தக் கொம்பனப் பத்தி வாய விட்டுட்டேன். எவனோ கேட்டிருக்கான். மன்னிச்சிடுங்கடா."

ஹாலிஸ் மீன் பதப்படுத்தும் ஆலையில் கூலிக்காரன். நாலு பிள்ளைகள். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் மான்கறிதான். புதுக் குத்தகை அவனுக்குக் கட்டாது. மற்றவர்கள் இரண்டு மடங்கு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்; அவன் மட்டும் விலகிக்கொண்டான். ராய்ஸுக்கு அப்போது அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

"மரத்துல நான் கட்டின பரண்ல இனி நீயே உக்காரு. வேற எவனும் ஏறக் கூடாது" என்றான் ஹாலிஸ்.

அந்தப் பரணுக்குக் கீழேதான் கொம்பன் வந்தது. ராய்ஸ் சுட்டான். ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளாமல் கறியை எல்லாம் ஹாலிஸ் வீட்டில் கொண்டுபோய் இறக்கினான். கொம்போடு தலை வண்டியிலேயே இருந்தது.

"அட பாவி, விழுந்திடுச்சா!" ஹாலிஸ் அவனைக் கட்டிக்கொண்டான். "நில்லுடா, கொம்பப் புடிச்சுக்கிட்டு நில்லு. ஒரு படம் எடுக்கறேன்."

"படம் வேணாம்டா."

"பயப்படாத, யாருக்கும் காட்ட மாட்டேன். ஒரு தடவ வாய விட்டுப் பட்டது போதாதா எனக்கு?"

சொல்லிவிட வேண்டும் என்று ராய்ஸ் வாயைத் திறந்தான். ஹாலிஸின் மனைவி கறியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கொம்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"என்னடா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? சிரி" என்றான் ஹாலிஸ்.

ராய்ஸ் சிரித்தான்.