என் தோடும் அவர் பல்லும்

தங்கப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஆளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு எரியும்.

நானும் என் வீட்டுக்காரரும் மலாயாவில், கூலாய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். ரப்பருக்கு நல்ல விலை வந்தது. ஆண்களுக்குப் பைத்தியமும் வந்தது. கண் நன்றாகத் தெரிந்தவன் வெறுங்கண்ணாடியை மூக்கில் மாட்டினான். கொளுத்தும் வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோழி வாங்கப் போனான். கோட்டையாவது கழற்றிவிடலாம். கடைத்தெருவில் தங்கப் பல் கட்டும் சீனர் ஒருவர் கடை போட்டாரே, அதுதான் பெரிய வினை. முதலில் கங்காணி கட்டிக்கொண்டார், பிறகு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அப்புறம் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யார் கொட்டாவி விட்டாலும் மஞ்சள். சொத்தைப் பல் என்றாலும் சரி என்று விடலாம். இவர்கள் கரும்பு கடிக்கிற பல்லை அரத்தால் ராவி அதன்மேல் உறை போட்டுக்கொண்டார்கள்.

என்னிடம் ஒரு ஜோடி தோடு இருந்தது. நான் கப்பலேறிய அன்று அம்மா தன் காதிலிருந்து கழற்றி என் காதில் போட்டது. அவளுடையது என்று என்னிடம் இருந்தது அது மட்டும்தான்.

"திருகு தேஞ்சிருக்கு, விழுந்திடப் போவுது. கழட்டிக் குடு, பத்தர்கிட்ட காட்டி சரி பண்ணிட்டு வர்றேன்" என்றார் வீட்டுக்காரர்.

கழற்றிக் கொடுத்தேன். காது தூர்ந்துவிடக் கூடாதே என்று தென்னை ஈர்க்கை ஒடித்துத் துளையில் செருகிக்கொண்டேன். பொழுது சாய வந்தார். மேல்வரிசை முன்பல் நான்கும் தங்கம்.

"தோடு எங்க?"

இன்னும் அகலமாகச் சிரித்தார். "கிராணி மாதிரி இல்ல? தோடு அடுத்த வருசம் வாங்கிக்கலாம் லா. காதுல கெடந்தா என்ன, வாயில கெடந்தா என்ன, நம்ம வீட்டுலதான கெடக்குது."

அன்று அடுப்பு மூட்டவில்லை. பாழாய்ப்போன வாய் பட்டினி கிடக்கட்டும் என்றே படுத்தேன். அடுத்த வருசம் ரப்பர் விலை விழுந்தது; தோட்டுப் பேச்சும் அதோடு போயிற்று.

மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் முந்தானையால் காதை மூடிக்கொண்டு பின்னால் போனேன். காற்று விலக்கிவிட்டது.

"என்னக்கா, திருநாளும் அதுவுமா காதுல குச்சி?" என்று பக்கத்து லயத்துக்காரி கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு நகைநட்டுல ஆசையே கெடையாது."

இதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன்.

"எங்கம்மா தோடு எங்கேயும் போவல. தோ, அவரு வாயில இருக்கு. எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க!"

தேர் வடத்தைப் பிடித்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் உதடு மூடிக்கொண்டது. அதன்பிறகு வெளியில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பரிதாபம் வரவில்லை, குளிர்ந்துதான் போயிற்று.

ராவிய பல் உறைக்குள்ளேயே அழுகியது. முகம் பூசணிக்காயாக வீங்கிய பிறகு அதே சீனரிடம் போய் நான்கையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். பொக்கை வாயோடு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே அந்த உறைகள்.

"உருக்கித் தோடு பண்ணிக்க. நெருப்புல போட்டா எச்சில் போயிடும்."

அம்மாவின் தங்கம். என் கை தானாக நீண்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டேன். விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்கு ஒன்றை ஒடித்து, அவர் பார்க்கவே காதில் செருகினேன்.

"இது யாரு வாயிலயும் கெடந்ததில்ல."