தொட்டதும் பாய்ந்த கார்

அடையாறிலிருந்து சைதாப்பேட்டைப் பாலம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு கார் மெக்கானிக் ஆன எனக்கு, வேலையைப் பாதியில் விட்டுப் போவது புதிதல்ல. ஆனால் அன்று ஒரு வீட்டு வாசலில் இஸ்திரி வண்டிக்காரரை வீங்கிய மணிக்கட்டோடு விட்டு வந்திருந்தேன்.

அந்த வீட்டு மகன் கேட்டதால், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் கார் சீறும்படி ஒரு சின்னக் கருவியைப் பூட்டியவன் நான். என் வேலையைக் காட்டிக்கொள்ள, அதை உச்சத்தில் வைத்தேன். காரை ஓட்டும் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் லேசாக மிதித்ததும் கார் பாய்ந்து இஸ்திரி வண்டியை இடித்தது.

"என் கால்தான்பா தப்பு. இனிமே காரையே தொடமாட்டேன்" என்று அழுதார்.

"ஆமாம்மா, மெதுவா மிதிச்சிருக்கணும்" என்றேன்.

அந்தப் பொய்யோடு பாலத்தைத் தாண்ட முடியவில்லை. திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன், கருவியைக் கழற்றினேன். இஸ்திரிக்காரர் கேட்டார்: "இன்னா நைனா, நாளைக்கு நாப்பது சட்ட கீது. எவன் தேய்ப்பான்?"

மறுநாள் காலை அந்த அம்மா காரை மெல்ல வெளியே எடுத்தபோது, நான் வாசலில் தலைகுனிந்து அவர் மகனின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.