பஸ் திரையில் இரண்டு பெயர்கள்

ஓசூரிலிருந்து என் மனைவி வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், டிரைவர் தலைக்கு மேலே ஒரு திரை வைத்தார்கள். அடுத்த நிறுத்தத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் காட்டும். ஒரு நாள் நெட் சிக்னல் போனதும் அதில் ஒரு வரி வந்தது: “கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்.”

உடனே எனக்கு ஃபோன் செய்தாள். “அது நான் எழுதின வரிங்க.”

நிறுத்தங்களைக் காட்டும் அந்த மென்பொருளை அவள்தான் எழுதி, இணையத்தில் பொதுவில் வைத்திருந்தாள். யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். உரிமத்தில் ஒரே நிபந்தனை: எழுதியவர்களின் பெயர்களும் உரிமத்தின் வாசகமும் கூடவே இருக்க வேண்டும். பெயர்கள் இரண்டு. ஒன்று அவளுடையது. கன்னட எழுத்துகள் உடைந்து தெரிந்ததைச் சரிசெய்து அனுப்பியவர் மற்றவர். அவரை அவள் பார்த்ததே இல்லை. திரையின் ‘விவரம்’ பக்கத்தில் இரண்டு பெயரும் இல்லை.

திரையை விற்றவரின் கடை பாகலூர் ரோட்டில். என்னையும் கூட்டிப் போனாள். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்தால் பயப்படுவார் என்று கணக்கு. அவர் டீ சொன்னார்.

“ஃப்ரீன்னுதானே மேடம் போட்டிருந்துச்சு?”

“எடுக்கறது ஃப்ரீதாங்க. பேரை அழிக்கறதுக்கு யாரு சொன்னாங்க?”

சிரித்துவிட்டு, சரிசெய்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் திரை முழுக்க ரோஜாப்பூ. நடுவே, ‘எங்கள் அன்புச் சகோதரிக்கு நெஞ்சார்ந்த நன்றி’ என்று கல்யாண ஃப்ளெக்ஸ் அளவில் அவள் பெயர். பஸ் முழுக்கக் கைதட்டல். “அக்கா, எந்த வார்டுல நிக்கறீங்க?”

இறங்கியதும் கடைக்காரரை ஃபோனில் கூப்பிட்டாள். “இன்னொருத்தர் பேரு எங்க?”

“உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?”

“இல்லீங்க. ஆனா அவர் இல்லன்னா அத்திப்பள்ளி ஸ்டாப் பேரு கன்னடத்துல கட்டம் கட்டமாத்தான் தெரியும். நன்றி வேண்டாம். ரெண்டு பேரோட பேரையும் உரிமத்தையும் அப்படியே போடுங்க. இல்லன்னா அந்த மென்பொருளை எடுத்துடுங்க. உங்ககிட்ட வாங்கின கம்பெனிக்கும் எழுதுவேன்.”

“அவ்ளோ பொடி எழுத்தை யாரு மேடம் படிப்பாங்க?”

“நான் படிப்பேன்.”

திங்கட்கிழமை அவள் அனுப்பிய படத்தில் ரோஜா இல்லை. எறும்பு ஊர்வது போல உரிமம் முழுவதும். மேலே இரண்டு பெயர்கள். பெரிதாக்கி, பழைய பழக்கத்தில் எழுத்துப் பிழை தேடினேன். இல்லை.

படத்தை அந்த மற்றவருக்கும் அனுப்பியிருந்தாள். மாலையில் கன்னடத்தில் பதில் வந்தது. எங்கள் இருவருக்கும் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பக்கத்து வீட்டம்மா படித்துச் சொன்னார்: பேருக்கு இடம் கிடைத்துவிட்டது, அந்த பஸ்ஸில் தனக்கும் ஒரு ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்று கேட்டிருந்தாராம்.