பந்தயம் ஓடியவனின் கஞ்சி

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இராத்திரி வேலை பார்ப்பவனிடம் மருந்து இருக்காது, சாவி இருக்காது, வாய் மட்டும் இருக்கும். பகலில் தூங்கி இரவில் விழிக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், அந்த வாயால் நான் பட்ட வெட்கங்கள் இவை.

பெரட்டுக்களத்துக் கசரத்து

விடிந்ததும் எல்லாரும் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று கைகால் ஆட்டவேண்டும் என்று ஜப்பானிய உத்தரவு. வேலை முடிந்து வரும் எனக்கும் விலக்கில்லை. ஓடிப்போன வெள்ளைக்கார டாக்டர் விட்டுச்சென்ற உடற்பயிற்சிப் புத்தகத்தை அகராதி வைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்திருந்தேன். சும்மா இருக்க முடியுமா? பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன்: "நோயைத் தடுக்க உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான். லேசா கைகால் ஆட்டினா அவன் முழிச்சுக்குவான்." பொய்யில்லை. கையை ஆட்டிவிட்டுக் கிழங்குக் கொல்லைக்கு நடந்துபோன பெண்கள் வார்டுப் பக்கம் அதிகம் வரவில்லை.

ஒருநாள் தூக்கிய கையோடு நின்றபடியே தூங்கிவிட்டேன். மற்றவர்கள் கையை இறக்கியதுகூடத் தெரியவில்லை. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "உன் காவல்காரனை யாருப்பா எழுப்புறது?"

அந்தோணியின் கர்லாக்கட்டை

ரப்பர் பாளம் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு விறகு தூக்கும் அந்தோணி, சாயங்காலம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கர்லாக்கட்டை சுற்றுவான். கொஞ்சம் சுற்றுவான், உட்காருவான், வியர்வை காய்ந்ததும் மறுபடி எழுவான். "கிழங்கைத் தின்னுட்டு பாரம் தூக்காதே. சளி நெஞ்சில இறங்கும்" என்று நாலு பேர் நடுவில் எச்சரித்தேன்.

மழை வந்தது. சளி பிடித்தது, நெஞ்சிலும் இறங்கியது, எனக்கு. என் வார்டிலேயே எனக்கு ஒரு கட்டில். வெந்நீர் கொண்டுவந்த அந்தோணி மெதுவாகச் சொன்னான்: "கட்டை ஒன்னு கொண்டாந்து வைக்கட்டாண்ணே? தூக்க வேணாம்லா, பாத்துக்கிட்டே இருங்க."

மாரியப்பனின் அரிசி

ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் மாரியப்பன்தான் எங்கள் தோட்டத்து ஓட்டக்காரன். பெடாஸ் போய்த் திரும்பும் பந்தயம், பரிசு ஒரு மூட்டை அரிசி என்று ஜப்பான்காரர்கள் அறிவித்தார்கள். நாங்கள் அரிசியைக் கண்டே மாசக்கணக்காகியிருந்தது. அவன் மனைவி லெட்சுமி, பிள்ளை பெற்ற உடம்பில் பால் சுரக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள். மாரியப்பன் வெறும் கிழங்கைத் தின்று காலையும் மாலையும் ஓடிப் பழகினான். ஜெயித்தான்.

"உசிரைப் பிழிஞ்சு ஓடினா உள்ள இருக்கிற காவல்காரன் அசந்துபோவான் தம்பி. நல்லா சாப்பிட்டுப் படு" என்றேன். அரிசி அவளுக்கு என்று சொல்லிவிட்டு மறுநாளே வேலைக்குப் போனான். அந்த வாரமே காய்ச்சலோடு தூக்கிவந்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா தீர்ந்திருந்தது. ஏதாவது சாப்பிட்டால்தான் பிழைப்பான் என்றார், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர்.

நான் வேலைக்கு வந்த சாயங்காலம் லெட்சுமி ஒரு கிண்ணம் அரிசிக்கஞ்சி கொண்டுவந்தாள். "நீ குடி, புள்ளைக்குப் பால் வேணும்" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்க சொன்னா கேப்பாருண்ணே" என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை அழுமே என்று ஓடினாள். சொன்னேன். அவன் கண்ணைத் திறக்காமல், "முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க" என்றான். ஒரு வாய்தான் குடித்தேன். தலை நிமிர்ந்தபோது கிண்ணம் காலி. அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அல்லது எனக்காக அப்படிக் கிடந்தான்.

கிண்ணத்துக்காகத் திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள், என் மீசையைப் பார்த்தாள், போய்விட்டாள். மறுநாள் இரண்டு கிண்ணம் வந்தது. "பால் சுரந்திருச்சு, வாயைத் திற" என்று அவனை அதட்டிப் பெரியதை ஊட்டினாள். சின்னது என் மேசைக்கு. அவன் எழுந்து நடக்கும்வரை தினமும் அப்படித்தான், தினமும் அதே வார்த்தைதான்: "இது உங்களுக்குண்ணே. அவருதை நானே ஊட்டிக்கிறேன்."

எந்தக் கசரத்து நோயைத் தடுக்கும் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். எதைச் செய்தாலும் முடித்தபின் உங்கள் கிண்ணத்தை என்னைப் போன்ற காவல்காரன் கையில் கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.