வழி இருக்கிறது என்று சொன்னேன்

என் தங்கை முதலும் கடைசியுமாகக் காதலித்தது ஒரு படகோட்டியை. அவன் அவளுடைய செல்போனில், ஒரு விளையாட்டுக்குள் இருந்தான்.

ஆரணியில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. தங்கை சேவூரில் எங்கள் வீட்டுத் தறியில் நெய்துகொண்டிருந்தாள். இருபத்தாறு வயதில் வயிற்றுவலி என்று படுத்தவளை வேலூருக்கு அழைத்துப் போனோம். டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அம்மாவிடமும் என்னிடமும் உள்ளதைச் சொன்னார். புற்றுநோய், உள்ளே பரவிவிட்டது, இனி வலிக்கு மாத்திரைதான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம், "கொடல்ல புண்ணாம்மா. காரத்த கொறச்சா சரியா பூடுமாம்" என்றாள். எங்கள் பக்கத்தில் இப்படித்தான். தெருவுக்கே தெரிந்திருக்கும், சாகப்போகிறவருக்கு மட்டும் சொல்ல மாட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் சேர்ந்து மறைத்தேன்.

தறியில் உட்கார முடியாமல் போன பிறகுதான் அவள் அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒரு பெண் துறைமுக ஊருக்குப் பிழைக்க வருவாள், அங்கே இருப்பவர்களில் ஒருவனைக் காதலிக்கலாம். வியாபாரி இருந்தான், வைத்தியன் இருந்தான். இவள் போய்ப் படகோட்டியைப் பிடித்தாள். வசனமெல்லாம் இங்கிலீஷ், படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஜல்தி வாக்கா, அவன் என்னமோ சொல்லிகினு கீறான்" என்று கூப்பிடுவாள். "மாப்பிள்ளைக்கு என்னாடி வேணுமாம்? வண்டி கேக்குறானா?" என்பேன். அந்த அரை மணி நேரம் வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது.

பாதி ஆட்டத்தில் படகோட்டி இருமத் தொடங்கினான். தனக்குத் தீராத நோய் என்றும், அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டேன் என்றும் அவளிடம் நேராகவே சொல்லிவிட்டான். விளையாட்டை எழுதியவர்களுக்கு எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதே. நான் மாற்றிப் படித்திருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் போனை என் கையில் திணித்து, "இவன காப்பாத்த வழி கீதான்னு நெட்ல பாருக்கா" என்றாள்.

பார்த்தேன். அங்கே பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது. நிஜத்தில்தான் யாரையும் காப்பாற்ற முடியவில்லை, விளையாட்டிலாவது விட்டால் என்ன குறைந்துபோகும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்துவிட்டால் அவன் பேசியதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று இன்னொருவன் கேட்டிருந்தான். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று திட்டிக்கொண்டே கடைசிவரை படித்தேன். தெரிந்துகொண்டது ஒன்றுதான். வழி இல்லை, என்ன செய்தாலும் அவன் சாவான்.

"கீதுடி," என்றேன். "மலை மேல மூலிகை கீதாம். நெறைய சேத்தா பொழச்சிக்குவானாம்."

மூன்று மாதமாகப் பொய்யில் பழகிய வாய். யோசிக்கவே இல்லை.

அவள் மலையேறினாள். அந்த விளையாட்டில் ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்குத்தான் போகலாம். மலைக்குப் போனால் அன்றைக்குப் படகோட்டியைப் பார்க்க முடியாது, அவன் படகுத்துறையில் காத்திருப்பதை மட்டும் காட்டுவார்கள். "இருடா, ஒனக்காகத்தான் அலைஞ்சிகினு கீறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு மறுபடியும் மலைக்குப் போவாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பை பையாக மூலிகை சேர்த்தாள். ஒருநாள் அவள் கீழே இறங்கியபோது அவன் செத்துப்போயிருந்தான். படகில் ஒரு கடிதம் வைத்திருந்தான். படித்துச் சொன்னேன். 'தினமும் நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.'

அவள் கோபத்தில் அழுதாள். "வழி இல்லன்னு சொல்லியிருந்தா அவன்கூடவே இருந்திருப்பேனேக்கா. ஏன்க்கா பொய் சொன்ன?"

"நெட்ல அப்டித்தான் போட்டிருந்தான்," என்றேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. நெட்டில் நடந்த அந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்று இன்றைக்குக் கேட்டால், காப்பாற்ற விடுங்களேன் என்றுதான் என் மனசு கெஞ்சும். எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறட்டும், பிழைத்துப் போகட்டும். ஆனால் இல்லாத வழியை இருக்கிறது என்று சொல்லி மலைக்கு அனுப்பியவளை என்னால் மன்னிக்க முடியாது.

படகோட்டி செத்த மறுநாளே அவள் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். "வேற எவனையாவது புடிடி, ஏன் பேஜார்?" என்றேன். கேட்கவில்லை. அதே படகோட்டிதான். இந்த முறை அவள் மலைப்பக்கமே போகவில்லை. தினமும் துறைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் முன்பு பார்க்காத வசனங்களெல்லாம் வந்தன. தனக்குப் பிறகு படகு யாருக்கு என்று சொன்னான், தன் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்கச் சொன்னான். அதற்குள் அவளால் எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. போனை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மதியம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். படகோட்டி சொன்னதைப் படித்தேன். "எனக்குப் பயமாக இருக்கிறது."

"எனக்குந்தான்க்கா," என்றாள் தங்கை.

அவள் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம்டி, வழி இல்லை என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

நான் அடுத்த வசனத்தைப் படித்தேன்.